தினமும் வந்தால் பரிசு. ஒரு நாள் வராவிட்டால்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுகிறவர்களுக்குத் தினமும் பயிற்சி வினா போடும் இணையதளம் ஒன்றை நண்பரோடு சேர்ந்து நடத்துகிறாராம். ஆயிரத்துச் சொச்சம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் மூன்றாம் நாள் திரும்பி வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் தினமும் லாகின் செய்தால் காயின், ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறார். தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியிலும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸிலும் ஓடுகிறது. எப்படிக் கட்டுவது, எத்தனை காயின் கொடுப்பது, ஏமாற்றுகிறவர்களை எப்படித் தடுப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவர் ஒரு நாள் வராமல் போய்விட்டால், மறுநாள் அவரை என்ன சொல்லி உள்ளே கூப்பிடப் போகிறீர்கள்? "மறுபடி ஒன்றிலிருந்து" என்று அரை வரியில் அதை முடித்துவிட்டீர்கள். நான் கட்டியதிலும், மற்றவர்கள் கட்டி நான் பழுது பார்த்ததிலும், இந்த மாதிரித் திட்டங்கள் படுத்தது பெரும்பாலும் அந்த அரை வரியில்தான்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் வளர்ந்தவன். இப்போது பிழைப்பு புதுச்சேரியில். தினமும் வந்தால் பரிசு என்பதை நான் முதலில் பார்த்தது கம்ப்யூட்டரில் இல்லை, எங்கள் தெருப் பெருமாள் கோயிலில். மார்கழி மாதம் விடியற்காலை ஐந்தரைக்கு மங்கி குல்லாவோடு வரிசையில் நிற்போம். பாட்டு முடிந்து தீபாராதனை ஆனதும் தொன்னையில் வெண்பொங்கல் வரும். சூடு இலை வழியாக உள்ளங்கையில் ஏறும். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே திண்ணைக்கு ஓடுவோம். மிளகைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு முந்திரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். சில நாள் தூங்கிவிடுவேன். மறுநாள் போனால் பட்டர் என்னைப் பார்த்து "நேற்று ஏன் வரவில்லை, இன்றைக்கு உனக்குப் பாதித் தொன்னைதான்" என்று சொன்னதே இல்லை. இருபத்தேழாம் நாள் கூடாரவல்லி. அன்றைக்கு அக்கார அடிசில், நெய் வழிய வழிய. அது எந்தத் தேதியில் வருகிறது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும், அதனால் கூட்டமும் அன்று இரண்டு மடங்கு. மாதம் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடும். தையில் யாரும் பொங்கல் கிடைக்கவில்லை என்று கோயில் மேல் கோபித்துக்கொள்வதில்லை.

உங்கள் தளத்துக்கு நான் சொல்லப்போவது கிட்டத்தட்ட இதே அமைப்புதான். தினமும் சின்னதாக, நிச்சயமாக ஒன்று. எப்போது வரும் என்று முன்பே தெரிகிற பெரியது ஒன்று. முப்பது நாளில் முடிகிற ஒரு சுற்று. தவறினவனுக்குத் தண்டனை இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: கோயில் வாசலை மிதித்ததற்காகப் பொங்கல் தரவில்லை, பாட்டு முடியும் வரை நின்றதற்காகத் தந்தார்கள்.

அந்தக் கடைசி விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். எதற்குப் பரிசு கொடுக்கிறீர்கள்? லாகினுக்கு என்றால் முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. இப்போது யாரும் தினமும் லாகின் செய்வதில்லை. ஒரு முறை உள்ளே வந்தால் பல நாளுக்கு அப்படியே திறந்து வைத்திருப்பதுதான் பெரும்பாலான தளங்களில் வழக்கம். லாகின் என்ற நிகழ்வையே எண்ணினால், ஒழுங்காக வருகிறவருக்குக் காயின் ஏறாது. வெளியே போய் வெளியே போய் உள்ளே வருகிறவருக்கு ஏறும். இதைச் சமாளிக்க தினமும் நள்ளிரவில் எல்லோரையும் வெளியேற்றிவிடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ஆயிரம் பேருக்கும் தினம் ஒரு ஓடிபி போகும். எஸ்எம்எஸ் செலவு உங்கள் தலையில், எரிச்சல் அவர்கள் தலையில். ஆகவே லாகினை விடுங்கள். அன்றைக்கு அவர் செய்யும் முதல் உருப்படியான வேலையை எண்ணுங்கள். உங்கள் தளத்தில் அது ஐந்து வினாக்களுக்கு விடை அளிப்பது. சரியா தப்பா என்பது வேறு விஷயம், விடை அளித்தால் போதும். பேருந்து நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடிகிற வேலையாக அது இருக்கட்டும்.

வெறும் வருகைக்குக் காயின் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். புதுச்சேரிக் குடும்பங்களுக்கு பிரான்ஸில் பேரப்பிள்ளைகள் நிறைய உண்டல்லவா, அவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தரும் தளம் ஒன்றை சில வருடங்களுக்கு முன்னால் கட்டிக் கொடுத்தேன். தினமும் வந்தால் ஒரு நட்சத்திரம். முதல் மாதம் வருகை எண்ணிக்கை ஏறியதும் உரிமையாளருக்கு ஒரே சந்தோஷம், எனக்கு இனிப்புகூட வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சர்வர் பதிவேட்டை உட்கார்ந்து பார்த்தால், பாதிப் பிள்ளைகள் பட்டனை அழுத்தி நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு பத்து விநாடியில் ஓடியிருக்கிறார்கள். பாடத்தைத் திறந்தவர்கள் எண்ணிக்கை பழையபடியே இருந்தது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. நட்சத்திரத்துக்கு விலை பட்டன் என்று நாங்கள்தானே எழுதி வைத்தோம்.

இதைவிட ஆழமான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வரைவதில் தாமாகவே ஆசை உள்ள குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவேன் என்று முன்பே சொன்னது ஒரு பிரிவுக்கு. சொல்லாமல் கடைசியில் கொடுத்தது இன்னொரு பிரிவுக்கு. மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண வகுப்பில் பார்த்தபோது, பரிசுக்காக என்று வரைந்த முதல் பிரிவுக் குழந்தைகள் மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசு வந்ததும் ஆசை கூலியாகிவிட்டது. சிறிய சோதனைதான், அதை வைத்து உலகத்தையே அளக்க முடியாது. ஆனால் உங்களிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே அரசு வேலை என்ற பெரிய ஆசையோடு வருகிறவர்கள். அந்த ஆசைக்கு மேலே இரண்டு காயினைத் தூக்கி வைத்து அதைச் சின்னதாக்கிவிட வேண்டாம். பரிசு என்பது படிப்பதற்கான கூலி மாதிரித் தெரியக் கூடாது, படித்ததன் தொடர்ச்சி மாதிரித் தெரிய வேண்டும்.

அடுத்தது, "நாள்" என்றால் என்ன? சிரிக்காதீர்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு அதிக வேலை வைத்த சொல் இதுதான்.

வழக்கமாகச் செய்யும் முதல் தப்பு, கடைசியாகப் பரிசு வாங்கி 24 மணி நேரம் ஆகிவிட்டதா என்று பார்ப்பது. திங்கள் மாலை 7 மணிக்கு ஒருவர் வாங்குகிறார். செவ்வாய் 7 மணிக்கு முன்னால் கிடைக்காது, அவர் 7.20-க்கு வருகிறார். புதன் 7.20-க்கு மேல்தான் கிடைக்கும், சாப்பிட்டுவிட்டு 8.30-க்கு வருகிறார். இப்படியே தள்ளித் தள்ளி ஒரு வாரத்தில் ராத்திரி பன்னிரண்டைத் தொட்டுவிடும், ஒரு நாள் கணக்கிலிருந்து காணாமலே போகும். தினமும் தவறாமல் வந்த மனிதருக்குத் தொடர் அறுந்துவிடும். நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும் அவர் ஏற்கமாட்டார், ஏற்கவும் தேவையில்லை. ஆகவே மணிக்கணக்கு வேண்டாம், தேதிக் கணக்கு.

எந்தத் தேதி? இங்கேதான் இரண்டாவது தப்பு. வாடகை சர்வர்களில் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. அதாவது சர்வரின் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. தேவனாம்பட்டினத்தில் ஒரு பையன் விடியற்காலையில் எழுந்து படிக்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை 8 மணிக்கு வந்தான். சர்வரில் அது திங்கள். செவ்வாய் காலை 5 மணிக்கே எழுந்து வந்துவிட்டான்; சர்வரில் அது இன்னும் திங்கள் இரவு 11.30. "இன்றைய பரிசை ஏற்கெனவே பெற்றுவிட்டீர்கள்" என்று காட்டும். சரி என்று மூடிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான். புதன்கிழமை காலை 8 மணிக்கு வந்தால் தொடர் அறுந்திருக்கிறது. உங்களிடம் இருப்பதிலேயே உழைப்பாளிப் பையன் அவன். அவனைத்தான் உங்கள் தளம் முதலில் விரட்டும். (யூடிசி கணக்கு ஒரு வகையில் நம்முடைய பஞ்சாங்கம் மாதிரிதான், இரண்டிலும் நாள் ஏறக்குறைய சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. கைபேசியில் தேதி பார்க்கிற பிள்ளைகளிடம் அதைச் சொல்லி வாதாட முடியாது.)

அப்படியென்றால் நம்முடைய நள்ளிரவை எல்லையாக வைக்கலாமா? வைக்கலாம், பாதகமில்லை. ஆனால் உங்கள் ஆட்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். சிப்காட்டில் செகண்ட் ஷிப்ட் முடித்து வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்டு, பன்னிரண்டரைக்குக் கைபேசியை எடுக்கிறவருக்கு அது இன்னும் "இன்றைக்கு"தான். அவர் தூங்கி எழுந்தால்தான் நாளைக்கு. விடியற்காலைப் படிப்பாளிகளோ நாலு மணிக்கு மேல்தான் எழுவார்கள். இரண்டு கூட்டமும் இல்லாத நேரம் மூன்று மணி. அதை எல்லையாக வையுங்கள். கணக்கும் சுலபம்: சர்வரின் யூடிசி நேரத்தோடு இரண்டரை மணி கூட்டி, வருகிற தேதியை எடுத்துக்கொண்டால் போதும். நம் நாட்டில் கோடைகாலம் குளிர்காலம் என்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் வருடம் முழுக்க இந்த ஒரே கணக்கு நிற்கும். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து யாராவது படித்தாலும் அவர்களுக்கும் இதே எல்லைதான் என்று எழுதிவைத்துவிடுங்கள். பரிட்சை தமிழ்நாட்டில்தானே. ஆளுக்கு ஒரு நேர மண்டலம் என்று போனால் நான் பட்ட பாடு உங்களுக்கும் வரும்.

அந்தப் பாடு என்னவென்றால், மேலே சொன்ன பிரான்ஸ் தளத்தில் பிள்ளைகளின் கணினியில் என்ன தேதி காட்டுகிறதோ அதையே நம்பினேன். பிரான்ஸில் கடிகாரம் வருடத்துக்கு இரண்டு முறை மாறுவதால், அந்தத் தலைவலியை அவர்கள் கணினியே பார்த்துக்கொள்ளட்டும் என்று புத்திசாலித்தனமாக நினைத்தேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மடிக்கணினியின் தேதியை ஒவ்வொரு நாளாக முன்னால் தள்ளி, ஒரே மத்தியானத்தில் ஒரு மாத நட்சத்திரத்தையும் வாங்கிவிட்டான். புதுச்சேரியில் இருந்த அவன் பாட்டிக்கு "உங்கள் பேரன் முப்பது நாள் தொடர்ந்து தமிழ் படித்தான்" என்று தானாக வாழ்த்து மடல் போனது. பாட்டி தெருவெல்லாம் காட்டினார். எப்படி மறுத்துச் சொல்வது? சொல்லவே இல்லை. சர்வர் கடிகாரத்துக்கு மாற்றியதோடு சரி.

சேமிக்கும் முறைக்கு வருவோம். இது சின்ன வேலை. பயனர் அட்டவணையிலேயே "காயின்" என்று ஒரு கட்டம் வைத்து, அதைப் படித்து, ஒன்று கூட்டி, மறுபடி எழுதாதீர்கள். ஒரே ஆள் இரண்டு டேப் திறந்து இரண்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் கணக்கு கந்தல். மளிகைக் கடை நோட்டு மாதிரி, ஒவ்வொரு வரவுக்கும் தனி வரி வரும்படி ஒரு பதிவேட்டு அட்டவணை போடுங்கள். யார், எந்தத் தேதிக்கு, எத்தனை, எதற்காக என்று எழுதினால் போதும். மீதி எவ்வளவு என்பது கூட்டினால் வரும். அந்த அட்டவணையில் பயனர் எண், தேதி, காரணம் மூன்றும் சேர்ந்து ஒரு முறைக்கு மேல் வரக் கூடாது என்று யூனிக் கீ போட்டுவிடுங்கள். அப்புறம் ஒருவர் ஆயிரம் முறை அழுத்தினாலும் டேட்டாபேஸே இரண்டாவது வரியை ஏற்காது; நீங்கள் "இன்றைக்கு வாங்கியாயிற்று" என்று புன்சிரிப்போடு காட்டினால் போதும். பிஎச்பியில் எத்தனை 'இஃப்' நிபந்தனை எழுதினாலும் இந்த ஒரு கீ தருகிற உறுதி கிடைக்காது. நள்ளிரவில் ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஓட்டி எல்லோருடைய தொடரையும் சரிபார்க்கவும் வேண்டாம். ஆள் வரும்போது அவருடைய கடைசித் தேதியைப் பார்த்துக் கணக்கிட்டால் போதும். வராதவரின் கணக்கு அப்படியே தூங்கட்டும்.

இனி அந்த நாலாவது கேள்வி.

கையில் இருப்பதை இழப்பது, அதே அளவு புதிதாகக் கிடைப்பதைவிட அதிகமாக உறைக்கும். கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். அடகு வைத்த நகையை மீட்கப் பாடுபட்ட எந்த வீட்டுக்கும் அதைப் படிக்காமலே தெரியும். தொடர் எண்ணிக்கை வேலை செய்வது இந்தப் பயத்தை வைத்துத்தான். 40 நாள் சேர்த்தவர் அதை விட மனமில்லாமல் 41-ஆம் நாளும் வருவார். ஆனால் அறுந்த அன்றைக்கு அதே பயம் எதிர்ப்பக்கம் திரும்பும். பூஜ்யத்தைப் பார்த்தவருக்கு இனி இழக்க ஒன்றும் இல்லை. வரவும் காரணம் இல்லை. நல்ல ஆட்களை நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பி வைப்பது மாதிரி ஆகிவிடும். மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ மாதிரி தொடரைப் பெரிதும் நம்பி நிற்கும் செயலிகூட, வராத நாளை மூடிக்கொள்ள ஓர் உறைவு வசதியை வைத்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியது; அதற்கப்புறம் மாவட்டத்தில் எத்தனை ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது என்று உங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது இங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவில் பைக்கின் இருக்கை வரை தண்ணீர். அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து உங்கள் பக்கத்தை மூழ்கடித்தது. அந்த வாரத்தில் ஒருவர் மின்சாரம் இல்லாமல், சிக்னல் இல்லாமல், பரண்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, நாலாம் நாள் எப்படியோ கைபேசிக்கு சார்ஜ் ஏற்றி உங்கள் தளத்தைத் திறக்கிறார். அங்கே "உங்கள் தொடர் அறுந்துவிட்டது, மீண்டும் முதல் நாள்" என்று இருந்தால் என்ன நினைப்பார்? கடலூரில் தளம் நடத்துகிறவர் அந்த வரியை எழுதவே கூடாது.

அதனால் ஒரு "மழை நாள்" பட்டன் உங்கள் நிர்வாகப் பக்கத்தில் இருக்கட்டும். எந்தத் தேதி, எந்த மாவட்டம் என்று குறித்தால் அந்த நாள் அந்த மாவட்டத்தார் கணக்கில் இல்லாத நாளாகிவிட வேண்டும். தனிச் சின்ன அட்டவணை போதும். தொடரைக் கணக்கிடும்போது கடைசித் தேதிக்கும் இன்றைக்கும் நடுவில் விட்ட நாள்களிலிருந்து இவற்றைக் கழித்துவிடுங்கள். கலெக்டர் பள்ளிக்கு லீவு விட்டால் நீங்களும் விடலாம், அதுவே எளிய விதி.

புயல் இல்லாத நாள்களுக்கு ஆளுக்கு மாதம் இரண்டு லீவு. கேட்டு வாங்க வேண்டாம், காயின் கொடுத்து வாங்கவும் வேண்டாம். ஒரு நாள் தவறினால் தானாகக் கழிந்து, மறுநாள் "நேற்றைக்கு ஒரு லீவு போட்டுக்கொண்டோம், இன்னும் ஒன்று இருக்கிறது" என்று காட்டட்டும். வீட்டில் விசேஷம், காய்ச்சல், டபுள் டூட்டி, எதுவாகவும் இருக்கட்டும். காரணம் கேட்காதீர்கள்.

இதற்கும் மேலே ஒரு படி போய், பெரிய பரிசுகளைத் தொடரில் கட்டாமல் மொத்த நாளில் கட்டுங்கள் என்பேன். முப்பது நாள் ஒரு சுற்று. அதில் 5 நாள் வந்தால் ஒன்று, 12 நாளுக்கு ஒன்று, 20-க்கு ஒன்று, 26-க்கு ஒன்று. நடுவில் நாலு நாள் விட்டவருக்கும் 26 கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். தொடர் எண்ணை ஓரத்தில் சின்னதாகக் காட்டிக்கொள்ளலாம், அதில் பெருமைப்படுகிறவர்கள் படட்டும். அது அறுந்தால் பெருமைதான் போகும், பரிசு போகாது. பதிவு செய்த நாளையே முதல் டிக்காகப் போட்டுவிடுங்கள். கார் கழுவும் கடை ஒன்றில் நூனஸ், ட்ரேஸ் என்ற இருவர் செய்த சோதனை 2006-இல் வெளியானது. எட்டு முத்திரை சேர்த்தால் ஒரு முறை இலவசம் என்ற அட்டையைப் பெற்றவர்களில் 19 சதவீதம் பேர்தான் முடித்தார்கள். பத்துக் கட்டம் போட்டு இரண்டில் முன்பே முத்திரை குத்திக் கொடுத்த அட்டையை முடித்தவர்கள் 34 சதவீதம். இரண்டு அட்டைக்கும் மீதி வேலை அதே எட்டுதான். வெறும் கட்டத்தைப் பார்ப்பதும், தொடங்கிவிட்ட கட்டத்தைப் பார்ப்பதும் மனசுக்கு வேறு வேறு.

எத்தனை காயின் என்று கேட்டீர்கள். நீங்கள் நினைத்த ஏழு நாள் சுற்றையே எடுத்துக்கொள்வோம்: 1, 1, 2, 2, 3, 3, 8. வாரத்துக்கு 20. முப்பது நாளில் நாலு வாரமும் இரண்டு நாளும், ஆக 82. பத்துக் காயின் ஒரு ரூபாய் என்று ரீசார்ஜ் கொடுத்தால் ஆளுக்கு 8 ரூபாய் 20 காசு. தினமும் 200 பேர் வந்தாலே மாதம் 1,640 ரூபாய். விளம்பர வருமானம் அதைத் தாங்குமா என்று நீங்களே பாருங்கள். பணம் என்று வந்த உடனே ஒருவரே பத்துக் கணக்குத் திறப்பார், அதைப் பிடிக்க நீங்கள் ராத்திரி விழிக்க வேண்டும். எட்டு ரூபாய்க்காகப் படிப்பவன் யாரும் இல்லை. எட்டு ரூபாய்க்காக ஏமாற்றுகிறவன் உண்டு.

ஆகவே பணம் வேண்டாம். சுற்றிவிடும் அதிர்ஷ்டச் சக்கரமும் வேண்டாம். 2003-இலேயே லாட்டரியை ஒழித்த மாநிலத்தில், வேலை தேடும் பிள்ளைகளிடம் அந்தப் பழக்கத்தை வேறு பெயரில் கொண்டுவருவானேன். அவர்கள் எதற்கு வந்தார்களோ அதையே கொடுங்கள். 5-ஆம் நாளுக்கு முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்று, விளக்கத்தோடு. 12-க்கு, அவர்கள் இதுவரை தப்பாக விடை சொன்ன வினாக்களை மட்டும் திரட்டி ஒரு தேர்வு. இதை வேறு யாராலும் அவர்களுக்குக் கொடுக்க முடியாது. 20-க்கு உண்மைப் பரிட்சை போலவே 200 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம் ஓடும் மாதிரித் தேர்வு. 26-ஐத் தொட்டவர்களோடு நீங்களும் நண்பரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நேரலையில் உட்கார்ந்து சந்தேகம் தீர்த்து வையுங்கள். இருபது பேர் வந்தாலும் இருநூறு பேர் வந்தாலும் செலவு ஒன்றுதான். ஒரு எச்சரிக்கை: தினசரி வினாவையும், தமிழ்த் தகுதிப் பகுதிக்கான பயிற்சியையும் எந்தப் பூட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். அந்தத் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். உயிர்நாடியைப் பரிசாக வைப்பது நியாயமில்லை.

ஏமாற்றுவோர் பற்றி இனி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, பணத்தை எடுத்ததுமே முக்கால்வாசிப் பேர் போய்விடுவார்கள். சர்வர் கடிகாரமும் யூனிக் கீயும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஐந்து வினாவையும் நாலு விநாடியில் 'அ, அ, அ' என்று தட்டுகிறவர் இருந்தால் இருக்கட்டும். அவர் ஏமாற்றுவது தன்னைத்தான்.

திரையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏழு கட்டத்தை ஒரே வரிசையில் போட்டு "செவ்வாய்", "வெள்ளி" என்று முழுசாக எழுதினால் சின்னக் கைபேசியில் எழுத்து கட்டத்தை விட்டு வெளியே வழியும். ஞா, தி, செ, பு, வி, வெ, ச போதும். நுழைந்தவுடன் முகத்தில் அறைகிற மாதிரி பெட்டி திறக்க வேண்டாம்; ஐந்தாவது வினா முடிந்த இடத்திலேயே டிக் விழட்டும். காகிதப் பூ மழை எல்லாம் டேட்டாவைத் தின்னும்.

நினைவூட்டல் செய்தி நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதுவும் அவர் வழக்கமாக வருகிற நேரத்தை ஒட்டி. "வேண்டாம், நான் தோற்றுக்கொள்கிறேன்" என்று மறுப்புப் பட்டனில் எழுதி ஆளைக் கூச வைப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் குறிப்பிட்ட 13 மோசடி வடிவங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறார்கள். இல்லாத அவசரத்தைக் காட்டுவதும், நச்சரிப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தம்பி தங்கை மாதிரியான பிள்ளைகளிடம் அப்படிப் பேசுவோமா?

பலன் தெரிய, பயனர் எண் ஒற்றைப்படையாக உள்ளவர்களுக்கு மட்டும் முதல் சுற்றில் இதைத் திறந்துவிட்டு, இரட்டைப்படைக்காரர்களோடு ஒப்பிடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்காதீர்கள், எட்டாம் நாளிலும் முப்பதாம் நாளிலும் ஆளுக்கு எத்தனை வினாவுக்கு விடை அளித்தார்கள் என்று பாருங்கள். அதில் வித்தியாசம் இல்லை என்றால் காயினைத் தூக்கிவிட்டு வினாக்களின் தரத்தைப் பாருங்கள். ஏனென்றால் மூன்றாம் நாளே ஆட்கள் வராமல் நின்றுவிடுவதற்குக் காரணம் பரிசு இல்லாதது என்று எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. தப்பான விடைக்கு ஏன் தப்பு என்ற விளக்கம் உங்கள் தளத்தில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லையே.

முதல் வாரத்தில் பதிவேட்டு அட்டவணை, மூன்று மணிக் கணக்கு, ஐந்து வினா டிக் ஆகியவற்றை மட்டும் முடியுங்கள். பரிசுகளை ஒவ்வொன்றாகப் பிறகு சேர்க்கலாம். மழை நாள் பட்டனை மட்டும் அக்டோபர் பிறப்பதற்குள் போட்டுவிடுங்கள்.